நான் லீவு போட்ட வியாழக்கிழமை

கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தால்கூட யாராவது ஒருவர் பக்கத்து இலையிலிருந்து கேட்டுவிடுவார். "மேடம், நீங்க பேக்டரியில ஆள் எடுக்கிற வேலையில இருந்தவங்க. சொல்லுங்க, பையனை டிப்ளமாவோட நிறுத்திடலாமா, இல்ல மேல பி.இ. சேர்த்து விடலாமா? அவ்ளோ செலவு பண்ணா திரும்ப வருமா?" சாம்பார் ஆறிக்கொண்டிருக்கும். நான் "பையனோட ஆர்வம்தாங்க முக்கியம்" என்று எதையாவது சொல்லித் தப்பித்து ரசத்துக்குப் போய்விடுவேன்.

இப்போது நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். எச்.ஆர். வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் சேர்ந்து, ஐ.டி.ஐ., டிப்ளமா, டிகிரி மூன்றில் எதற்குப் போட்ட முதல் திரும்பி வருகிறது என்று என் அனுபவத்திலிருந்து எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். கேள்வி நல்ல கேள்விதான், ஆள்தான் தப்பு. ஒரு பையனின் பட்டம் எவ்வளவு பெறும் என்று தெரிந்திருக்க வேண்டிய நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ரிட்டயர் ஆகிவிட்டேன், இனி யாரும் எனக்கு மெமோ கொடுக்க முடியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் வந்தபோது, கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் இருந்தேன். அப்போது எச்.ஆர். என்ற பேச்செல்லாம் கிடையாது. பர்சனல் டிபார்ட்மென்ட் என்பார்கள். தினமும் பூந்தமல்லியிலிருந்து கம்பெனி பஸ். இறங்கி நடந்தால் என் அறை, அதற்கு முன்னால் டைம் ஆபீஸ். டைம் ஆபீசில் மரியதாஸ் உட்கார்ந்திருப்பார். பக்கத்திலிருக்கும் பென்னலூர்க்காரர். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் யாருக்காகக் கார்டு பஞ்ச் பண்ணினார்கள் எல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

எங்கள் கம்பெனியில் ஒரு விதி இருந்தது. லைனில் மிஷின் ஓட்டுவதற்கு ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமா படித்தவர்களைத்தான் எடுக்க வேண்டும். பி.இ. படித்தவர்களை எடுக்கவே கூடாது. என்னை வேலைக்குச் சேர்த்த மேனேஜர் முதல் நாளே சொன்னார்: "படிப்பு குறைச்சலா இருந்தா சொல்லிக் கொடுத்துக்கலாம்மா. ஜாஸ்தியா இருந்தா நம்மால ஒண்ணும் பண்ண முடியாது. ஆறு மாசத்துல நாற்காலி கேப்பான், இல்லன்னா ஓடிடுவான்." எனக்கு அது பெரிய ஞானமாகத் தெரிந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்தி, பொறியியல் படித்தவர்கள் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த நேரம் அது. அவர்களில் பலர் பட்டத்தைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, டிப்ளமா சான்றிதழை மட்டும் எடுத்துக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்தார்கள்.

அவர்களைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு கிறுக்குப் பெருமை. டிப்ளமா முடித்தவர்கள் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், அது மூன்று வருஷப் படிப்பு. ஆகவே டிப்ளமாவுக்குப் பிறகு மூன்று வருஷம் இடைவெளி இருந்தால் நான் உஷாராகிவிடுவேன். விழுப்புரம் பக்கத்துப் பையன் ஒருவனிடம் கேட்டேன், மூன்று வருஷம் என்ன செய்தாய் என்று. நிலத்தில் வேலை பார்த்ததாகச் சொன்னான். "கையைக் காட்டு" என்றேன். உள்ளங்கை வழுவழு என்று இருந்தது. நடுவிரலில் மட்டும் பேனா பிடித்த தடிப்பு. "மண்வெட்டியை இந்த விரலாலதான் பிடிச்சியாப்பா?" என்று கேட்டேன். அவன் பைலை மூடிக்கொண்டு போய்விட்டான். மதியம் கேன்டீனில் இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன்.

மரியதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னா மேடம் இது, எங்க ஊர்ல படிக்காதவன் படிச்சிகிறேன்னு பொய் சொல்லுவான். இவன் இன்னாடான்னா படிச்சத மறைச்சிகினு வர்றான். பாவம்" என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் கண்ணில் மண்ணைத் தூவியவன் ஒருவன்தான். இசக்கிமுத்து. சங்கரன்கோவில் பக்கம் ஏதோ ஒரு கிராமம். ஒல்லியான உடம்பு, நேர் வகிடு. டிப்ளமாவுக்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேலாக ஊரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்ததாகச் சொன்னான். கையைக் காட்டச் சொன்னேன். காய்ப்புக் காய்ப்பாக இருந்தது, ஒரு விரலில் இரும்புச் சுருள் கிழித்த பழைய தழும்பு வேறு. உடனே எடுத்துக்கொண்டேன். அவன் பட்டறையில் வேலை பார்த்ததும் உண்மை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும் அங்கே வேலை பார்த்துக்கொண்டே மற்ற நாட்களில் பி.இ. படித்தான் என்பதுதான் எனக்குத் தெரியாது.

பென்னலூரில் ஐந்து பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தான். லைன் சூப்பர்வைசருக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. மிஷின் நின்றால் மெயின்டனன்ஸ் ஆள் வருவதற்குள் இவன் காரணத்தைச் சொல்லிவிடுவான் என்று என்னிடமே புகழ்ந்திருக்கிறார். நல்ல ஆளாகப் பொறுக்கினேன் என்று எனக்கு நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன்.

இனி பீரோ விஷயத்துக்கு வருகிறேன். டிரெய்னியாகச் சேருகிறவர்கள், நடுவில் விட்டுப் போனால் பணம் கட்டுவதாக இரண்டு வருஷத்துக்கு பாண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அது முடியும்வரை பத்தாம் வகுப்பிலிருந்து டிப்ளமா வரை எல்லா ஒரிஜினல் சான்றிதழ்களும் எங்களிடம் இருக்கும். ஆளுக்கொரு பழுப்புக் கவர், மேலே பெயர். என் அறையில் பச்சை நிற இரும்பு பீரோ, அதன் சாவி என்னிடம். இது நியாயமா என்று கேட்காதீர்கள். அந்தப் பக்கத்தில் நிறையக் கம்பெனிகள் செய்தன, நாங்களும் செய்தோம், எனக்கு அது உறுத்தவே இல்லை. சம்பளம் பிடிக்காதவன்கூட ஒரிஜினலை விட்டுவிட்டு ஓட மாட்டான். எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஆனால் அந்த வருஷம் மூன்று பேர் என்னை ஏமாற்றிவிட்டார்கள். ஒருவனுக்கு பாஸ்போர்ட், ஒருவனுக்கு அக்கா கல்யாணம், இன்னொருவனுக்கு அப்பாவின் ஜாமீன். மூன்று பேரும் இரண்டு நாளில் தருவதாகச் சொல்லி ஒரிஜினலை வாங்கிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவே இல்லை. ஜெனரல் மேனேஜர் என்னை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டார். "சாவி உங்ககிட்டதானே இருக்கு? அப்புறம் எப்படி போச்சு?" அன்றைக்கே மெமோ. முன்பு இருந்த கம்பெனியையும் சேர்த்துப் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த பிறகு என் பெயரில் வந்த முதல் மெமோ அது. அதற்குப் பிறகு அந்த பீரோவைப் பூட்டினால் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன்.

இந்த நிலையில்தான் ஒரு புதன்கிழமை மதியம், தன் ஷிப்ட் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், இசக்கிமுத்து என் மேஜைக்கு முன் வந்து நின்றான். சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும்.

"மேடம், என் ஒரிஜினல ரெண்டு நாளைக்குத் தருவீயளா? சனிக்கெழம கொண்டாந்து வச்சிருதேன்."

"எதுக்கு?"

"தங்கச்சிக்குக் கல்யாணம் பேசியிருக்கு. பேங்குல லோன் கேட்டிருக்கோம்."

"டிப்ளமா சர்ட்டிபிகேட்டை வாங்கி வச்சிக்கிட்டு எந்த பேங்க்கு கல்யாணத்துக்கு லோன் தருது? உட்காரு. உண்மையைச் சொல்லு."

அவன் உட்காரவில்லை.  யூனிபார்ம் சட்டைக்குள் கை விட்டு, நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்து என் முன் வைத்தான். ஓசூரில் ஒரு பெரிய கம்பெனி. என்ஜினியர் டிரெய்னி வேலை. வெள்ளிக்கிழமை காலை நேர்முகத் தேர்வு. பத்தாம் வகுப்பு முதல் எல்லா ஒரிஜினல்களோடும் வர வேண்டும் என்று கீழே கோடு போட்டிருந்தார்கள்.

"நீ பி.இ.யா?"

"ஆமா மேடம். முடிச்சு ஒன்ற வருசம் ஆச்சு."

"ஏன் மறைச்சே?"

"சொல்லியிருந்தா எடுத்திருப்பீயளா மேடம்?"

நான் கடிதத்தை மறுபடியும் படித்தேன். அவன்தான் பேசினான். அவன் அப்பா கிணற்றோடு சேர்த்து இருந்த வயலை விற்றுத்தான் அந்த மூன்று வருஷத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார். அம்மா பீடி சுற்றுகிறார். படிப்பு முடித்து எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டும் ஒரு பதிலும் வரவில்லை. "வீட்டுல சும்மா உக்காந்திருந்தா எங்கய்யா மொகத்தப் பாக்க முடியல மேடம். ஒருநாளும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாவ, அதுதான் தாங்கல. அதான் இங்க வந்தேன். இத்தன நாளுல வந்த லெட்டரு இது ஒண்ணுதான்."

"டிகிரி சர்ட்டிபிகேட் எங்க இருக்கு?"

"ரூமுல, பெட்டிக்குள்ள. அது எங்கிட்ட இருந்து என்ன செய்ய? மத்ததெல்லாம் உங்க பீரோவுலல்லா இருக்கு."

நான் திரும்பி பீரோவைப் பார்த்தேன். தர மாட்டேன் என்று நினைத்துவிட்டான் போல. குரல் தாழ்ந்துவிட்டது. "கெடச்சா பாண்டுப் பணத்தக் கட்டிட்டுத்தான் போவேன். கெடைக்கலன்னா சனிக்கெழம ஷிப்டுக்கு நிப்பேன். நம்பிக்கை இல்லன்னா, பொய் சொல்லிச் சேந்தேன்னு என்னைய வேலைய விட்டே தூக்கிருங்க மேடம். சர்ட்டிபிகேட்ட மட்டும் குடுத்திருங்க."

வேலைக்காக வந்தவன் வேலையை எடுத்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கெஞ்சினான். எனக்கு மனசு கலங்கிப்போனது உண்மை. "சரி, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வா. எடுத்துத் தரேன்" என்றேன். அவன் முகம் மலர்ந்ததை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. கும்பிட்டுவிட்டு லைனுக்கு ஓடினான்.

சொன்னபோது கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. நாலாவது ஆள். அதுவும் பொய் சொல்லிச் சேர்ந்தவன் என்று தெரிந்த பிறகு கொடுத்திருக்கிறேன். அவன் திரும்பி வராவிட்டால் ஜெனரல் மேனேஜருக்கு என்ன சொல்வேன்? அந்த வாரம் வெளிநாட்டுக் கஸ்டமரின் ஆடிட் வேறு. லைனில் ஓர் ஆள்கூடக் குறையக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியதே நான்தான். நேராக ஜெனரல் மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொல்லி அனுமதி வாங்கியிருக்கலாம். அல்லது இசக்கிமுத்துவைக் கூப்பிட்டு முடியாது என்று சொல்லியிருக்கலாம். அல்லது கொடுத்துவிட்டு வருவதை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கலாம். மூன்றையும் நினைத்துப் பார்த்தேன். மூன்றுக்கும் தைரியம் வேண்டியிருந்தது.

மறுநாள் என் மகன் கார்த்திக்குக் கல்லூரி அட்மிஷன். தண்டலம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. மார்க் போதாததால் மேனேஜ்மென்ட் சீட். என் வீட்டுக்காரர் லீவு போட்டு அவனை அழைத்துப் போவதாக ஏற்கெனவே ஏற்பாடு. நான் வர வேண்டிய அவசியமே இல்லை. அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும், "நாளைக்கு நானும் வரேன்" என்றேன். "ஆடிட்னு சொன்னியே?" என்று கேட்டார். "புள்ள படிப்பை விட ஆடிட் பெருசா?" என்று அவரையே மடக்கினேன்.

காலையில் டைம் ஆபீசுக்குப் போன் செய்து, மகனின் அட்மிஷனுக்காக அவசர லீவு என்று மரியதாசிடம் சொன்னேன். வழக்கமாக லீவு போட்டால் சாவியை மரியதாசிடம் கொடுத்துவிட்டுப் போவேன். அவருக்கும் அது தெரியும். "சாவி மேடம்?" என்று கேட்டார். "என் பையில இருக்கு. அவசரமா ஒண்ணும் இல்லையே, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றேன். சாவியைக் கொடுத்தனுப்ப மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். முதல் நாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்குமுன்பே முடிவு செய்துவிட்டேன்.

கல்லூரி ஆபீசில் பெரிய வரிசை. பெற்றோர்கள் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர் என் கழுத்திலிருந்த கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டார். பழக்க தோஷத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். "அம்மா, நீங்க கம்பெனியில கீறீங்களா? இந்தப் படிப்பு படிச்சா பசங்கள உடனே எடுத்துக்குவாங்களாம்மா?" என்று கேட்டார். அவர் பையன் வெட்கப்பட்டுத் தள்ளிப் போய் நின்றான். "எடுத்துக்குவாங்க, நல்லா படிக்கச் சொல்லுங்க" என்றேன். அப்போது மணி பத்தரை இருக்கும். பட்டம் வாங்கியவர்களை வாசலோடு திருப்பி அனுப்புவதற்குச் சம்பளம் வாங்குகிற நான், அந்தச் சம்பளத்தில் என் மகனுக்கு ஒரு பட்டத்துக்கு முன்பணம் கட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு இது தோன்றவே இல்லை. அட்மிஷன் முடிந்து ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம்.

வெள்ளிக்கிழமை மரியதாஸ் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "மேடம், அந்த இசக்கிமுத்துப் பையன் நேத்து காத்தாலயே வந்துட்டான். மத்தியானம் வரைக்கும் இங்கயே நின்னுகினு இருந்தான். டீ குடுத்தா வேணாம்னுட்டான். நாலு வாட்டி கேட்டான், மேடம் வருவாங்களான்னு. அப்பால பைல்ல கீற காப்பிய ஒரு ஜெராக்ஸ் போட்டுத் தாங்கண்ணான்னான். போட்டுக் குடுத்தேன். தப்பா மேடம்?"

"தப்பில்ல" என்றேன். பையிலிருந்து சாவியை எடுத்து மேஜை டிராயரில் போட்டேன். ஓசூர் கம்பெனியில் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்கள் அப்போது.

சொன்னபடி சனிக்கிழமை ஷிப்டுக்கு வந்துவிட்டான். கேன்டீனில் எதிரே வந்தான். வழியில்லாமல் கேட்டேன், "போனியாப்பா?"

"போனேன் மேடம். ஒரிஜினல் இல்லாம உள்ள விட மாட்டேன்னுட்டாவ."

"அடடா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவன் தட்டைக் கழுவப் போய்விட்டான். ஆடிட் நன்றாக முடிந்தது. வெள்ளிக்கிழமை ஒரே ஓர் ஆள்தான் குறைவு, வருகைப் பதிவு பிரமாதம் என்று ஜெனரல் மேனேஜர் என்னைப் பாராட்டினார். இசக்கிமுத்து பி.இ. படித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. பொய் சொன்னவனைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியதாகவே மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு, இதற்கு அது சரியாகிவிட்டது என்று முடித்துக்கொண்டேன்.

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம்தான்.

பாண்டு முடிந்த அன்று கவரை அவன் கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, ஓரம் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தான். "இனி வேற எங்கயாவது முயற்சி பண்ணேன்பா" என்றேன், ஏதோ பெரிய மனசு மாதிரி.

"கேட்டுப் பாத்தாச்சு மேடம். முடிச்சு ரெண்டு வருசம் தாண்டுனா பிரெஷர் இல்ல, புதுசா முடிச்சவன் கணக்குல சேராதுங்காவ. சரி, அனுபவம் இருக்குன்னா, அது ஆபரேட்டர் அனுபவம், என்ஜினியர் வேலைக்குச் சேராதுங்காவ. இங்கயே பெர்மனென்ட் பண்ணிருவீயளா?"

பண்ணினேன். அந்தப் பையன்கள் கூட்டத்தில் முதல் ஆளாக அவனுக்குத்தான் ஆர்டர் அடித்தேன்.

அப்புறம் காலம் மாறியது. ஒரகடம் பக்கம் புதுத் தொழிற்சாலைகள் வரப் போகின்றன என்று பேச்சு அடிபட்டதுமே ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. புதிதாக வந்த ஜெனரல் மேனேஜர் "டிகிரி இருந்தா என்ன, வரட்டுமே" என்று ஒரே கையெழுத்தில் அந்த விதியை எடுத்துவிட்டார். நான் அத்தனை வருஷம் உள்ளங்கை பார்த்துக் காப்பாற்றிய விதியை எடுக்க அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

கார்த்திக் படிப்பை முடித்தான். எங்கள் கம்பெனியிலேயே என்ஜினியர் டிரெய்னியாக எடுத்துக்கொண்டார்கள். நான் சிபாரிசு செய்தேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எந்த லைன் கொடுப்பது என்று என்னைக் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னான்.

"அம்மா, எங்க லைன்ல இசக்கிமுத்துன்னு ஒரு ஆபரேட்டர் இருக்காரும்மா. நேத்து நான் போட்ட டிராயிங்கைப் பார்த்துட்டு, தனியா கூப்பிட்டு, 'தம்பி, இந்த எடத்துல லோடு தாங்காது, கணக்க ஒருக்கா பாருங்க'ன்னாரு. பார்த்தா, தப்புதான். யார்கிட்டயும் சொல்லல அவரு. வெறும் டிப்ளமாதானாம்மா. பாவம், யாராச்சும் பி.இ. படிக்க வச்சிருந்தா எங்கயோ போயிருப்பாரு."

என் வீட்டுக்காரர் "திறமைக்குப் படிப்பு எதுக்குடா" என்று ஏதோ சொன்னார். நான் மோர் எடுத்து வரும் சாக்கில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். 

உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். பட்டத்துக்குப் போட்ட முதல் திரும்பி வருமா வராதா என்று ஒரு நாள் தெரிந்துவிடும். இசக்கிமுத்துவின் அப்பா விற்ற வயலுக்கு அந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமையாக வந்தது. அவனை எடுத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. எடுக்காமலும் போயிருக்கலாம். அதை அவன் தெரிந்துகொள்ளவே விடாமல் செய்துவிட்டேன். புதன்கிழமையே முடியாது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூட அவனுக்கு ஒன்றரை நாள் இருந்தது. ஜெனரல் மேனேஜர் காலில் விழுந்திருப்பான், சூப்பர்வைசரைப் பேச வைத்திருப்பான், ஏதாவது செய்திருப்பான். நான் தருகிறேன் என்று சொன்னதால்தான் டைம் ஆபீசில் மதியம் வரை நின்றான். நீங்கள் இந்த வேலையில் நிறைய முறை 'முடியாது' சொல்ல வேண்டி வரும். தாராளமாகச் சொல்லுங்கள். தருவதாகச் சொல்லிவிட்டு லீவு மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கார்த்திக் அதைச் சொன்ன அடுத்த வாரம் இசக்கிமுத்துவை என் அறைக்கு வரச் சொன்னேன். கல்யாணம் ஆகி, கொஞ்சம் சதை போட்டிருந்தான். இந்த முறை சொன்னதும் உட்கார்ந்தான். "இப்ப ரூல் மாறிடுச்சு. உன் டிகிரியை ரெக்கார்டுல ஏத்திடலாம். ஜி.எம்.கிட்ட நானே பேசறேன். உடனே இல்லன்னாலும் பின்னாடி ஏதாவது வழி பிறக்கும்" என்றேன்.

அவன் யோசிக்கவே இல்லை. "வேண்டாம் மேடம். டிப்ளமா படிச்சவன் ஆபரேட்டரா இருந்தா அது ஒரு வேல, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாவ. பி.இ.ன்னு தெரிஞ்சா நாளைக்கு லைன்ல எல்லாரும் என்னையப் பாவமாப் பாப்பாவ. ஊருல எங்கய்யாகிட்ட என்ஜினியரா இருக்கேன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். அவியளும் நிம்மதியா இருக்காவ, நானும் இருக்கேன். அப்படியே இருக்கட்டும்."

மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் அவனைக் கூப்பிட்டிருந்தேன். "இசக்கிமுத்து, அன்னிக்கு அந்த வியாழக்கிழமை..." என்று தொடங்கினேன்.

"ஐயோ, அத இன்னுமா நெனச்சிக்கிட்டு இருக்கீய?" என்று பதறிப் போனான். "மகன் விசயமா அவசரமாப் போயிருக்காவன்னு மரியதாஸ் அண்ணன் அன்னைக்கே சொல்லிட்டாரு மேடம். நான் ஒருநாளும் தப்பா நெனச்சதில்ல. இப்ப தம்பிய லைன்ல பாக்கும்போதெல்லாம், அவரு படிப்புக்காகத்தான அன்னைக்குப் போனீயன்னு சந்தோசமாத்தான் இருக்கு. நீங்க மட்டும் இருந்திருந்தா குடுத்திருப்பீய. எனக்குத் தெரியாதா?"

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாம்பா, கொடுத்திருப்பேன்" என்றேன்.